தேதி கேட்பவருக்குச் செலவில்லை

குற்ற வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், வந்திருக்கும் சாட்சிகள் அனைவரையும் விசாரித்து முடிக்கும்வரை நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. தள்ளிவைத்தே ஆக வேண்டுமென்றால் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். சாட்சி வந்து நிற்கும்போது சிறப்புக் காரணம் எழுதாமல் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கறிஞருக்கு வேறு கோர்ட்டில் வேலை இருக்கிறது என்பது காரணமாகாது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருக்கும் நாட்டில், மாவட்ட, தாலுகா அளவிலான நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு குற்ற வழக்குகள்.

சட்டத்தில் ஓட்டை இருப்பதால் வழக்கு இழுக்கவில்லை. வாய்தா என்பது யாருக்குச் செலவு, யாருக்கு வரவு என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அல்ல, ஒரு தாலுகா ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்.

காலை பத்தரை மணி. அன்றைய பட்டியலில் அறுபது, எழுபது வழக்குகள். சில கோர்ட்டுகளில் நூறைத் தாண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். எதிரி ஆஜரானால் கூண்டில் ஏறி நிற்கிறார். வராவிட்டால் அவருடைய வழக்கறிஞர் ‘317 மனு’ ஒன்றை நீட்டுகிறார்: உடல்நிலை சரியில்லை, உறவினர் வீட்டுத் துக்கம், வெளியூர் வேலை, ஆகவே இன்று ஒருநாள் நேரில் வருவதிலிருந்து விலக்களிக்க வேண்டும். சட்டப் பிரிவின் எண் மாறிவிட்டாலும் கோர்ட் வளாகத்தில் அதற்கு 317 என்றே பெயர். மனுவும் இல்லை, ஆளும் இல்லை என்றால் பிடிவாரண்ட். சில வாரம் கழித்து அதே எதிரி வந்து வாரண்டை ‘ரீகால்’ செய்துகொள்வார். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொரு கட்டிலும் அடுத்த தேதியைக் குறிக்கிறார். இந்தக் கூப்பிடும் வேலை முடியவே நண்பகல் ஆகிவிடும்.

வெளியே தாழ்வாரத்தில் சாட்சி உட்கார்ந்திருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் ஏட்டு நேற்று மாலை சம்மனைக் கொடுத்து, “நாளைக்கு வரலேன்னா உனக்கே வாரண்ட் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒருநாள் கூலி போயிற்று. பஸ் காசு கையிலிருந்து. அவர் பெயர் அழைக்கப்படுகிறது. எதிரி தரப்பில் ஜூனியர் வழக்கறிஞர் எழுந்து, “சீனியர் செஷன்ஸ்ல இருக்கார். ஒரு ஷார்ட் டேட் வேணும்” என்கிறார். அரசு உதவி வழக்கறிஞர் எதிர்ப்புச் சொல்லவில்லை; அவருக்கும் அந்தக் கட்டைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வாய்தா தேதி சொல்லப்படுகிறது. சாட்சி அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அறைக்குள் இருந்த எல்லோருக்கும் வேலை முடிந்தது. நட்டப்பட்டவர் ஒருவர்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீதிபதி ஏன் இத்தனை வழக்குகளை ஒரே நாளில் போடுகிறார்? அவரிடம் கேட்டால் நியாயமான பதில் ஒன்று வரும். ஐந்து வழக்குகளை மட்டும் போட்டால், ஒன்றில் சாட்சி வரமாட்டார், ஒன்றில் எதிரி வரமாட்டார், ஒன்றில் வழக்கறிஞர் இருக்கமாட்டார், ஒன்றில் ஆய்வக அறிக்கை வந்திருக்காது. மீதி ஒன்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது? ஆகவே எழுபதைப் போடுகிறார். எழுபது போட்டிருப்பதால் தன் வழக்கு இன்று நடக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாததால் வழக்கறிஞர் தயாராகி வருவதில்லை. காவல் ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போய்விடுகிறார். அரசு மருத்துவர் பிரேதப் பரிசோதனையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்புகிறார். அவர்கள் வராததால் வழக்கு நடப்பதில்லை. வழக்கு நடக்காததால் நாளைய பட்டியல் இன்னும் நீள்கிறது. என் பார்வையில், நீதிபதிகள் பற்றாக்குறையைப் போலவே இந்தச் சுழலும் தாமதத்தின் பெரிய ஊற்று. பற்றாக்குறையைப் பற்றிப் பேசாத சட்ட மாநாடு இல்லை; இதைப் பற்றி ஏனோ அவ்வளவாகப் பேசுவதில்லை.

பற்றாக்குறை உண்மைதான், அதை மறுக்க முடியாது. 1987-இல் சட்ட ஆணையம் தன் 120-ஆவது அறிக்கையில், பத்து லட்சம் மக்களுக்குப் பத்தரை நீதிபதிகள் என்றிருந்த நிலையை ஐந்தாண்டுகளில் ஐம்பதாக உயர்த்த வேண்டும் என்றது. 2002-இல் அகில இந்திய நீதிபதிகள் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஐம்பதை எட்டச் சொல்லி ஆணையிட்டது. இன்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வைத்துக் கணக்கிட்டாலும் அந்த எண் இருபத்தொன்றை ஒட்டி நிற்கிறது. கீழமை நீதிமன்றங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சுமார் 25,000 பணியிடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காலி. நீதிபதி இல்லாத கோர்ட்டுக்கு இன்னொரு நீதிபதி ‘பொறுப்பு’. அவர் தன் கோர்ட்டின் பட்டியலை முடித்துவிட்டு வந்து, இங்கே வாய்தா மட்டும் போட்டுவிட்டுப் போவார்.

ஆள் இருக்கும் இடத்திலும், நீதிபதியின் வேலையை எண்ணிப் பார்க்கும் முறை அவரைக் கனமான வழக்குகளிலிருந்து விலக்குகிறது. மாதம் எத்தனை வழக்குகளை முடித்தார் என்று உயர் நீதிமன்றங்கள் அலகுக் கணக்கு வைத்திருக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் சிறு வழக்குகளில் கணக்கு சுலபமாக ஏறும். முப்பது எதிரிகளும் எண்பது சாட்சிகளும் உள்ள வழக்கில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் பதவி உயர்வுக் கோப்பில் அது எடுபடாது. அதற்குள் ஆண்டு மாறுதல் வந்துவிடும். வாதம் முழுவதையும் கேட்ட நீதிபதி வேறு மாவட்டம் போவார், புதியவர் முதலிலிருந்து கேட்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டு அலமாரியிலேயே பழசாவதில் ஆச்சரியம் இல்லை.

இனி எதிரி. அவர் ஜாமீனில் வெளியே இருந்தால் காலம் முழுக்க அவருடைய சொத்து. சாட்சிக்கு நினைவு மங்கும். கண்ணால் பார்த்தவர் இறந்துபோவார். புகார் கொடுத்தவருக்குக் கல்யாணமாகும். கணவர் வீட்டார் கோர்ட் வாசல் ஏறக் கூடாது என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசுவார்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அரசுத் தரப்பின் கையிலிருந்து ஒரு கல் உருவப்படுகிறது. சிறையில் இருக்கும் எதிரிக்கு இதே காலம் நேர்மாறாக வேலை செய்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். அவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர ஆயுதப்படைக் காவலர்கள் வேண்டும். அன்று முதலமைச்சர் வருகை, திருவிழா, மறியல் என்று ஏதாவது இருந்தால் காவலர்கள் கிடைக்கமாட்டார்கள். காணொளியில் முகம் காட்டி நீதிமன்றக் காவலை நீட்டிப்பதோடு அன்றைய வேலை முடிந்துவிடும். ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு.

1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி அமர்வு பீகார்ச் சிறைகளைப் பார்த்தபோது, தாங்கள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு உரிய உச்சத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். விரைவான விசாரணை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று அந்த வழக்கில்தான் உறுதியானது. அந்த உரிமையை எதிரிக்கு உரியதாகவே நம் நீதிமன்றங்கள் பேசிப் பழகியிருக்கின்றன. பாதிக்கப்பட்டவருக்கும் அதே உரிமை உண்டு என்பதை வாச்சாத்தி மக்களிடம் கேட்டால் தெரியும்.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மார்க்சிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையில் 155, காவல்துறையில் 108, வருவாய்த்துறையில் 6. அத்தனை பேரும் அரசு ஊழியர்கள்.

269 எதிரிகள் உள்ள வழக்கில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் வரவில்லை என்றால் மனு. ஒருவருக்கு ஆவண நகல் கிடைக்கவில்லை என்றால் தேதி. ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் காத்திருப்பு. அங்கே ஊரில் அந்தப் பெண்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். தங்களுக்கு நேர்ந்ததை, செய்தவர்கள் முன்னாலேயே நின்று, அந்நியர்கள் நிறைந்த அறையில் சொல்ல வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கத்தினர் துணை நின்றார்கள். அந்தத் துணை இல்லையென்றால் இந்த வழக்கு பாதி வழியில் செத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். மற்ற 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார்கள். அந்த 54 பேரைப் பொறுத்தவரை வழக்கு முடிவே காணவில்லை.

மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். சம்பவம் நடந்து 31 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் எதிரிகள் சம்பளம் வாங்கினார்கள், பலர் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். வழக்கு இழுப்பதே ஒரு தீர்ப்பு என்பதை வாச்சாத்தியைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கைத் தமிழ்நாட்டில் நான் அறியேன்.

தாமதம் சாட்சியை என்ன செய்கிறது என்பதற்குப் பஞ்சாபில் நடந்த லஞ்ச வழக்கு ஒன்று பாடம். வினோத் குமார் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பார்கள். பொறிவைத்துப் பிடித்தபோது உடனிருந்த சாட்சி 1999 செப்டம்பரில் கூண்டேறி, நடந்ததை நடந்தபடி சொன்னார். அன்றே குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டும். எதிரி தரப்பு தேதி கேட்டது, கோர்ட் கொடுத்தது. குறுக்கு விசாரணை நடந்தது 2001 மே மாதம். ஒரு வருடம் எட்டு மாதம் கழித்து வந்த அதே சாட்சி, தான் முன்பு சொன்னதற்கு நேர்மாறாகப் பேசினார். அந்த இருபது மாதத்தில் அவரை யார் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. 2015-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ததோடு, முதல் விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணையை அன்றே முடிக்க வேண்டும் என்பதை எல்லா விசாரணை நீதிபதிகளுக்கும் சுற்றுக்கு விடும்படி உயர் நீதிமன்றங்களிடம் சொன்னது. சுற்றறிக்கைகள் போயின. இன்றைக்கும் நம் செஷன்ஸ் கோர்ட்டுகளில் “சீஃப் முடிந்தது, கிராஸ் வேறொரு நாள்” என்பது அன்றாடம் கேட்கும் வாக்கியம். போதாக்குறைக்கு, விட்டுப்போன குறுக்கு விசாரணைக்காகச் சாட்சியைத் திரும்ப அழைக்க ‘311 மனு’ ஒன்று இருக்கிறது.

அந்த மனு அதிகாரத்தோடு சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் தொடங்கியது. 2001-இல் ஆட்சி மாறி, ஜெயலலிதாவே முதலமைச்சரானார். அதன்பின் ஏற்கெனவே சாட்சியம் சொல்லி முடித்த 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அதை எதிர்க்கவில்லை. தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகனின் மனுவை ஏற்று, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அங்கே விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பரில். 2015-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயலலிதா காலமாகிவிட்டார். கட்சி எதுவாயினும் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. செஷன்ஸ் கோர்ட்டின் அரசு வழக்கறிஞர் ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிறார். சாட்சியைத் திருப்பி அனுப்பினால் எழுந்து எதிர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பதவி கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசாக இருக்கும்வரை, கூண்டில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே வாய்தாவுக்கு எதிர்ப்பு வரும்.

வழக்கறிஞர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்க முடியாது. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு, தேங்கிய வழக்குகளுக்கான காரணங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. அதில் முன்வரிசையில் நிற்கும் காரணம் வழக்கறிஞர் வராதது. பேர்பெற்ற சீனியர் ஒருவர் ஒரே காலையில் நான்கு கோர்ட்டுகளில் வழக்கு வைத்திருப்பார். எங்கே போகிறாரோ அங்கே வழக்கு நடக்கும், மற்ற மூன்றில் தேதி. கட்சிக்காரர் பெரும்பாலும் வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். வழக்கு முடிந்தால் வரும்படியும் முடிந்தது. இப்படிச் சம்பாதிக்க விரும்பாத வழக்கறிஞர்கள் ஏராளம், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் புறக்கணிப்பு என்று சங்கம் தீர்மானம் போட்டால் அவர்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். சட்ட ஆணையத்தின் 266-ஆவது அறிக்கை 2017-இல் இதற்கு எண்ணிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். 2011 முதல் 2016 வரை காஞ்சிபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் புறக்கணிப்பால் போன நாட்கள் 687. கன்னியாகுமரியில் 585, மதுரையில் 577, கடலூரில் 461, சிவகங்கையில் 408. காஞ்சிபுரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 137 நாட்கள்; பாதிக்கு மேல். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் இதுதான் நடந்தது. ஈழத் தமிழருக்காகவும் காவிரிக்காகவும் வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கியதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நாட்களில் தாழ்வாரத்தில் காத்திருந்த சாட்சிக்கும் சிறையில் இருந்த கைதிக்கும் அந்தப் போராட்டத்தில் ஓட்டு இல்லை.

மற்ற காரணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனை ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கியது. இன்றைக்கும் உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கைக்காகக் கொலை வழக்குகள் காத்திருக்கின்றன. செக் திரும்பிய வழக்குகள் குற்றவியல் கோர்ட்டுகளை நிரப்பிவிட்டன: 2019 இறுதியில் தேங்கியிருந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் அவைதான். கடன் வசூலை நாம் மாஜிஸ்திரேட்டின் தலையில் கட்டியிருக்கிறோம். உயர் நீதிமன்றத்தில் வாங்கிய இடைக்காலத் தடை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆறு மாதத்தில் தடை தானே விலகிவிடும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரியல்ல என்று 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றியது.

இப்படித் தாமதத்தைச் சட்டத்தால் அடக்கப் பார்த்துப் பின்வாங்கிய கதை நீளமானது. 1975 ஜனவரியில் சமஸ்திப்பூர் ரயில் நிலையக் குண்டுவெடிப்பில் ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா கொல்லப்பட்டார். ஒன்றிய அமைச்சர் ஒருவரின் கொலைக்குத் தீர்ப்பு வந்தது 2014 டிசம்பரில், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து. இருபதுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் கை மாறி. இதற்கிடையே 1990-களில் உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் கால வரம்பு வைத்தது. வரம்பு கடந்தால் விசாரணையை முடித்துவிட வேண்டும் என்றது. 2002-இல் பி. ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி, நீதிமன்றம் அப்படி வரம்பு விதிக்க முடியாது என்று அதை ரத்து செய்தார்கள். அது சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்; வரம்பு இருந்திருந்தால் வாச்சாத்தி எதிரிகள் 215 பேரும் வரம்பைக் காட்டியே வெளியேறியிருப்பார்கள். பிறகு 309-ஆவது பிரிவைக் கடுமையாக்கத் திருத்தம் வந்தபோது வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்தன. நடைமுறைக்கு வருவதே தள்ளிப்போனது. இப்போதைய 346-ஆவது பிரிவு, தரப்பினரின் கையை மீறிய சூழலிலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் இல்லை என்கிறது. மூன்றாவது வாய்தா கொடுத்தால் என்ன? அதற்குச் சட்டத்தில் விடையே இல்லை.

முடியாத காரியமா இது? 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி மீது பாலியல் வன்கொடுமை நடந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. மகளிர் நீதிமன்றத்தில் 29 சாட்சிகள் விசாரிக்கப்பட்டு 2025 மே 28 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஐந்து மாதம். அதே மாதம் 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றத்தில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கின் தீர்ப்பு வந்தது. ஆறு ஆண்டுகள் ஆனாலும் 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. பெண்களின் அடையாளத்தைக் காத்து, மூடிய அறையில் விசாரித்ததன் பலன் அது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்குகள் இவை. யாரும் பார்க்காத வழக்கிலும் இதே சட்டம்தான், இதே போன்ற நீதிபதிகள்தான்.

வேகத்தையே நீதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மத்தியப் பிரதேசம் காண்ட்வாவில் 2013-இல் ஒரு கொலை வழக்கு, குற்றச்சாட்டு வனைந்த இரண்டே வாரத்தில் மரண தண்டனையில் முடிந்தது. எதிரிக்காக அமர்த்தப்பட்ட சட்ட உதவி வழக்கறிஞருக்குக் கட்டைப் படிக்கக்கூட அவகாசம் தரவில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து புதிதாக விசாரிக்கச் சொன்னது. அந்த மனிதர் 2024-இல் விடுதலையானார், பதினோரு ஆண்டு சிறைக்குப் பிறகு. தயாராவதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, குறித்த நாளில் நடத்த வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு என்பது என் முடிவு. குற்றச்சாட்டு வனைந்த அன்றே, எந்தச் சாட்சி எந்த நாள், குறுக்கு விசாரணை எப்போது என்று இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அட்டவணை போட வேண்டும். ஒரு நாளைக்கு நடத்தக்கூடிய வழக்குகளை மட்டுமே விசாரணைக்கு வைக்க வேண்டும். இரண்டாவது, வாய்தாவுக்கு விலை வைப்பது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தள்ளிவைக்கும்போது அதைக் கேட்ட தரப்பு, அது அரசுத் தரப்பே ஆனாலும், செலவுத்தொகை கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சட்டம் இன்றே அனுமதிக்கிறது. சாட்சியின் ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் அங்கேயே, அப்போதே, தேதி கேட்டவர் எண்ணி வைக்கட்டும். ஏழை எதிரிக்கு விலக்குக் கொடுக்கலாம். நான்கு கோர்ட்டில் வழக்கு வைத்திருப்பவருக்கு வேண்டியதில்லை.

படிக்கும் நீங்கள் ஒரு வழக்கில் புகார்தாரராகவோ சாட்சியாகவோ எதிரியாகவோ இருக்கலாம். அந்த வழக்குக்குப் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்திலோ கைபேசிச் செயலியிலோ அதைப் போட்டால், வழக்கு எந்தெந்தத் தேதியில் எதற்காக வைக்கப்பட்டது என்ற பட்டியல் முழுவதும் வரும். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லப் போன நாளில் உங்களைத் திருப்பி அனுப்பினால், ‘நான் வந்திருக்கிறேன், இன்றே விசாரியுங்கள், முடியாதென்றால் காரணத்தைப் பதிவு செய்து, வந்த செலவையும் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று தமிழில் நாலு வரி எழுதி அரசு வழக்கறிஞர் மூலம் நீதிபதியிடம் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள்.